பட்டரை வெட்டும் முன் கொஞ்சம் பொறுங்க!

கைமாறிய பொருள்: செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கான வாரத் தொடர்

புதன்கிழமை இரவு எட்டரை மணி. வாசலில் எங்கள் தெரு அயர்ன்கார அண்ணன். கையில் வழக்கமான துணி மூட்டை இல்லை. நீளமாக ஓர் அட்டைப் பெட்டி.

"பாப்பா, பட்டர் வந்துடுச்சு. நாளைக்குக் காலைல வெட்டிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லேன்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "பட்டரா? ஃபிரிட்ஜுல இருக்கிறதையே இன்னும் யாரும் தொடல. இன்னொண்ணு எதுக்கு?"

அண்ணன் சிரித்துவிட்டார். அது வெண்ணெய் இல்லை. கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவதற்கென்றே இருக்கும் ஸ்டிக். அதற்குப் பெயர்தான் பட்டர்.

இந்தத் தொடரில் பழைய போன், பழைய வாஷிங் மெஷின், தையல் மெஷின் எல்லாம் பார்த்துவிட்டோம். 'கோல்ஃபா? எங்க வீட்டுல யாருங்க ஆடுறாங்க?' என்று தாண்டிப் போய்விடாதீர்கள். வாங்கிய பொருளை நம் அளவுக்கு வெட்டுகிற எல்லோருக்கும் இந்தக் கதை பொருந்தும். பேன்ட்டாக இருந்தாலும் சரி, திரைச்சீலையாக இருந்தாலும் சரி, கத்தரி பட்ட பிறகு அதைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார் இல்லையா? அதேதான்.

அண்ணனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்?

மதியத்துக்கு மேல்தான் அவர் அயர்ன் வண்டிக்காரர். விடியற்காலையில் நகரத்துக்குள் இருக்கும் ஒரு கோல்ஃப் மைதானத்தில் கேடி. ஆடுபவர்களின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பார். 'சார், இந்த இடத்துல காத்து இடது பக்கம் தள்ளும்' என்று யோசனையும் சொல்வார். இருபது வருடமாக இதே வேலை. வாரத்தில் ஒரு நாள் கேடிகளும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே ஆடிக்கொள்ளலாம். அப்படி ஆட ஆரம்பித்தவள்தான் அவருடைய மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். உயரம் 4 அடி 10 அங்குலம்.

கேடி வேலையிலிருந்து வந்து பெரிய ஆட்டக்காரர் ஆனவர்கள் நம் நாட்டில் உண்டு. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சி.முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். கொல்கத்தாவில் மைதானத்தின் புல்லைப் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி.சௌரசியா, 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். அண்ணனுக்கு இந்த மூன்று பேரின் கதையும் தலைகீழ்ப் பாடம்.

மகளுக்குப் பழைய ஸ்டிக்குகள் ஒன்றிரண்டு யார் யாரோ கொடுத்தது இருந்தது. பட்டர் மட்டும் இல்லை. பட்டர் இல்லாமல் கோல்ஃப் ஆடுவது, கரண்டி இல்லாமல் சாம்பார் பரிமாறுவது மாதிரி. 18 குழி ஆட்டத்துக்கு, நன்றாக ஆடுபவருக்கான கணக்கு பெரும்பாலும் 72 அடி. அதில் குழிக்கு இரண்டு என்று 36 அடி பட்டருக்கே ஒதுக்கப்பட்டவை. அதாவது, சரிபாதி!

2021 ஆகஸ்ட் 7-ம் தேதி நினைவிருக்கிறதா? டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஆடியதை, கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத நாம் எல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோமே! பந்தை மற்றவர்கள் அளவுக்குத் தூரமாக அடிக்காத அதிதி, பட்டர் பலத்தில்தான் கடைசி வரை பதக்கப் போட்டியில் இருந்தார். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வெண்கலம் போய் நான்காம் இடம் வந்தது. அன்றைக்கு அந்த ஆட்டத்தை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த குழந்தைகளில் இவளும் ஒருத்தி.

6,500 ரூபாய்க்கு ஓர் அதிர்ஷ்டம்

பெட்டியைத் திறந்தோம். பளபளவென்று ஒரு பட்டர். தலையில் பெரிய அமெரிக்க கம்பெனி ஒன்றின் பெயர். புதிதாக வாங்கினால் முப்பதாயிரத்துக்கு மேல். அண்ணன் ஆன்லைனில் 6,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். 'மாமா ஃபாரின்லேர்ந்து கொண்டு வந்தது, ஒரிஜினல், நாலு தடவைதான் யூஸ் பண்ணியிருக்கு' என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்குச் சேர்த்து வைத்த சீட்டுப் பணம் அது.

பட்டரின் நீளம் 35 அங்குலம். மகளுக்கு 31 போதும் என்று அங்கே சொல்லிக் கொடுப்பவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சிறுவர் போட்டி. அதனால் வியாழன் காலையே வெட்டிவிட வேண்டும். துணியில் குறி போடும் சாக்பீஸால் அண்ணன் தண்டில் கோடுகூடப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பையில் ஹாக்ஸா பிளேடு!

நானும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாதான்ணா இருக்கு" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. பார்த்த உடனே பதில் சொல்லியிருக்கக் கூடாது.

காப்பாற்றியது அம்மாவின் ஃபிரிட்ஜ். பட்டரை ஃபிரிட்ஜ் ஓரமாகச் சாய்த்து வைத்தபோது, கொடைக்கானலில் வாங்கி வந்து கதவில் ஒட்டியிருந்த காந்த பொம்மை 'டக்' என்று பட்டரின் தலையில் தாவி ஒட்டிக்கொண்டது. எடுத்தால் வரவில்லை. அவ்வளவு பிடி.

கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலைத் தேடினேன். தலை செய்யப்பட்ட உலோகம் '303 ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்' என்று போட்டிருந்தது. 303 வகை ஸ்டீலைக் காந்தம் இழுக்காது. இழுத்தாலும் லேசாகத்தான் இழுக்கும். இது இரும்புக் கடாயில் ஒட்டுகிற மாதிரி ஒட்டுகிறது.

"அண்ணா, நாளைக்கு வெட்ட வேண்டாம்."

அவர் முகம் மாறிவிட்டது.

ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? எப்படிப் பார்ப்பது?

மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தோம். நாங்கள் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

காந்தம்: காந்தம் ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் ஒரிஜினல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நல்ல கம்பெனிகள் வார்த்துச் செய்யும் பட்டர்கள் பல, 17-4 என்ற வகை ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும். மலிவான துத்தநாக வார்ப்பில் ஒட்டவே ஒட்டாது. கம்பெனி எந்த உலோகம் என்று சொல்கிறதோ, அதோடு பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

எடை: அந்த மாடலின் தலை மட்டும் 350 கிராம் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்டு, கிரிப் எல்லாம் சேர்த்தால் 500 கிராமைத் தாண்டிவிடும். கேக் செய்ய வாங்கிய கிச்சன் எடை மெஷினில் வைத்தோம். 462 கிராம். கிலோ கணக்கில் துணி பார்த்துப் பழகிய அண்ணன், மெஷினை ஆஃப் செய்துவிட்டு இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். அதே 462.

எழுத்து: கம்பெனி படத்தில் தலையில் இருக்கும் எழுத்துகள் கூர்மையாகச் செதுக்கியவை. போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால், எங்களுடையதில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, பெயின்ட் வெளியே வழிந்திருந்தது.

திருகாணி: அந்த மாடலின் அடிப்பகுதியில் இரண்டு எடைக்கட்டிகள் உண்டு. கழற்றி மாற்றலாம். எங்களுடையதில் அவை வெறும் டிசைன். திருகினால் திரும்பாது. தலையோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

சீரியல் எண்: எண் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். போலி செய்பவர்கள் ஒரே எண்ணை நூற்றுக்கணக்கான ஸ்டிக்கில் அடித்துவிடுவார்கள். எண்ணைப் படம் எடுத்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பிக் கேட்பதே வழி. அதேபோல, கூட வரும் உறை அழகாக இருப்பதும் சாட்சி இல்லை. ஒரிஜினல் உறைக்குள் போலி தலை வரலாம்.

படம்: விளம்பரத்தில் இருந்த படத்தை இணையத்தில் போட்டு, அதே படம் வேறு எங்கே இருக்கிறது என்று தேடினேன். இன்னொரு ஊரில், இன்னொரு பெயரில், வேறு விலைக்கு அதே படம். அதே மேஜை விரிப்பு!

இந்தக் கடைசிச் சோதனையைப் பணம் கொடுப்பதற்கு முன்பே செய்திருக்கலாம். 'இன்றைய தேதியைப் பேப்பரில் எழுதிப் பக்கத்தில் வைத்து ஒரு படம் அனுப்புங்க' என்று கேட்டிருந்தாலே போதும். பொருள் கையில் இருப்பவர் அனுப்பிவிடுவார். இல்லாதவர் ஏதாவது கதை சொல்வார்.

காப்பி வேறு, போலி வேறு

"எல்லா பட்டரும் ஒரே மாதிரிதானே இருக்கு? இதை மட்டும் ஏன் டூப்ளிகேட்னு சொல்றீங்க?" என்று அண்ணன் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி.

கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற இன்ஜினீயர், 1959-ல் கலிஃபோர்னியாவில் தன் வீட்டு கார் ஷெட்டில் ஒரு பட்டர் செய்தார். பந்தைத் தொட்டதும் 'பிங்' என்று சத்தம் வந்தது. அதையே பெயராக வைத்தார். இன்றைய பிங் கம்பெனி அப்படிப் பிறந்ததுதான். 1966-ல் அவர் வடிவமைத்த மாடலுக்கு, விடை என்று பொருள்படும் 'ஆன்ஸர்' என்ற பெயரை அவர் மனைவி லூயிஸ் சொன்னார். எழுத்துகள் பட்டரில் அடங்காததால் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் குறைத்துக்கொண்டார்கள். எடையை இரண்டு ஓரங்களுக்கும் தள்ளிய அந்த வடிவத்தைத்தான் பிறகு வந்த கம்பெனிகள் பலவும் தத்தம் பெயரில் செய்தன. வடிவம் ஒன்றாக இருப்பதால் அதெல்லாம் போலி ஆகிவிடாது.

தான் செய்யாத பொருளில் இன்னொருவர் பெயரை அடித்து விற்றால்தான் போலி. 1999-ம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி, பொய்ச் சின்னம் போடுவதற்கும், அது தெரிந்தே அப்படிப்பட்ட பொருளை விற்பதற்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏம்மா, பந்து உருளுதுல்ல? இதையே வெட்டிக் குடுத்துட்டா என்ன? பாப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை மேட்ச்" என்றார்.

உருளும்தான். ஆனால் அதை வெட்டினால் 6,500 ரூபாய் அந்த இடத்திலேயே முடிந்துபோகும். வெட்டாமல் இருந்தால் திரும்பக் கேட்கலாம். அந்தத் தளத்தில், பொருள் கைக்கு வந்து 72 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்தால் விற்றவருக்குப் பணம் போகாமல் நிறுத்தி வைப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும்.

மகள் என் மேல்தான் கோபப்பட்டாள். "அக்கா, நீங்க சும்மா இருந்திருந்தா நான் ஞாயித்துக்கிழமை என் பட்டர்ல ஆடியிருப்பேன்." அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பணம் எப்படி வந்தது?

அண்ணன் தெரிந்தோ தெரியாமலோ ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பெட்டியைப் பிரிக்கும்போது மகள் ஆசையாக போனில் வீடியோ எடுத்திருக்கிறாள். முகவரிச் சீட்டில் ஆரம்பித்து, பட்டரை வெளியே எடுக்கும் வரை வெட்டு ஒட்டு இல்லாத ஒரே வீடியோ. அதோடு எடை மெஷின் படம், காந்தப் படம், கம்பெனி இணையதளத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து வெள்ளிக்கிழமை மதியம் புகார் கொடுத்தோம். சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் துடைத்தோம்.

'நீங்களே தலையை மாற்றிவிட்டு ஏமாற்றுகிறீர்கள்' என்று விற்றவர் பதில் போட்டார். வீடியோ இருந்ததால் அது எடுபடவில்லை. ஒன்பதாம் நாள் பணம் வந்தது. திருப்பி அனுப்பிய கூரியர் செலவு 240 ரூபாய் மட்டும் நஷ்டம்.

ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நமக்குப் பணம் கிடைத்தது அந்தத் தளம் தானாக வைத்திருந்த ஏற்பாட்டால். 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள், தொழிலாக இல்லாமல் தன் சொந்தப் பொருளை எப்போதாவது விற்கும் தனி ஆளுக்குப் பொருந்தாது. ஆகவே தனி ஆளிடம் வாங்கும்போது, பணத்தை நேரடியாக அவர் கணக்குக்கு அனுப்பாமல், தளத்தின் வழியாகவே கொடுங்கள். அல்லது நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள். 'பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. நுகர்வோர் புகாருக்கு 1915, ஆன்லைன் பண மோசடிக்கு 1930.

இரண்டாவது பட்டர்

ஞாயிற்றுக்கிழமை அவள் இரவல் பட்டரில்தான் ஆடினாள். 35 அங்குலம். கிரிப்பின் கீழ்நுனியைப் பிடித்துக்கொண்டு சமாளித்தாள். பரிசு எதுவும் இல்லை.

அடுத்த வாரம், அண்ணன் வழக்கமாகப் பை தூக்கும் பெரியவர் ஒருவர், வீட்டில் சும்மா கிடந்த பழைய பட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரிய பிராண்ட் இல்லை. அங்கங்கே கீறல். "சும்மா வேணாம் சார்" என்று அண்ணன் 1,000 ரூபாயைக் கையில் வைத்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறார்.

இப்போது வெட்டலாமா? இந்த முறை அண்ணனே சொன்னார்: "இரு, முதல்ல அளந்துடுவோம்."

பட்டரைத் தரையில் ஆடும் நிலையில் வைத்து, கிரிப்பின் உச்சியிலிருந்து தண்டின் வழியாகவே டேப்பைப் பிடித்து, தலையின் அடிப்பாகம் வரை அளக்க வேண்டும். தண்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் 35 என்றது. டேப் 34 என்றது! யாரோ ஏற்கெனவே ஓர் அங்குலம் வெட்டியிருக்கிறார்கள். ஸ்டிக்கரை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் ஓர் அங்குலம் கூடுதலாகப் போயிருக்கும்.

அடுத்து, அவளுக்கு எவ்வளவு வேண்டும்? குனிந்து நின்று கைகளைத் தளர்வாகத் தொங்கவிடச் சொன்னோம். கண்ணுக்கு நேர் கீழே, அல்லது கொஞ்சம் உள்பக்கமாகப் பந்து இருக்க வேண்டும். மூக்கின் மேல்பகுதியிலிருந்து இன்னொரு பந்தைக் கீழே போட்டால் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பட்டர் அதிக நீளமாக இருந்தால் ஆள் தள்ளி நிற்க வேண்டிவரும். தலையின் நுனி தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும். கை வந்து நிற்கும் இடத்தில் டேப் ஒட்டி, ஒரு வாரம் அந்த இடத்திலேயே பிடித்து ஆடச் சொன்னோம். வெட்டாமலே வெட்டிப் பார்ப்பது இதுதான். செலவே இல்லை.

ஒரு வாரம் கழித்தும் 31 சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெண் வளர்கிற வயசு. அரை அங்குலம் விட்டு 31.5 என்று முடிவு செய்தோம். விதிப்படி எந்த கோல்ஃப் ஸ்டிக்கும் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது மட்டுமே கீழ் எல்லை. நமக்கு அந்தக் கவலை இல்லை.

பிளம்பர் பாய் கடையில்

வெட்ட வேண்டியது கிரிப் இருக்கும் மேல்முனையில். தலைப் பக்கம் கை வைக்கவே கூடாது. அங்கே தண்டு வளைந்தும் குறுகியும் இருக்கும்.

முதலில் பழைய கிரிப்பை நீளவாக்கில் கீறி உரித்தோம். பிளேடு எப்போதும் நம் உடம்புக்கு எதிர்ப்பக்கமாகவே போக வேண்டும். உள்ளே ஒட்டியிருந்த பழைய டேப்பைச் சுரண்டினோம். சில பட்டர்களில் இந்த முனைக்குள் எடைக்கட்டி வைத்திருப்பார்கள். எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. புது கிரிப் போட்டால் அதன் மூடிப் பகுதியே அரைக்கால் அங்குலம் நீளத்தைக் கூட்டும். கால் அங்குலம் கூட்டும் கிரிப்பும் உண்டு. அதைக் கழித்துத்தான் தண்டில் குறி போட வேண்டும். அண்ணன் தன் சாக்பீஸால் கோடு போட்டார். பக்கத்திலேயே பாதுகாப்புக்கு ஒரு சுற்று டேப்.

தெருமுனை பிளம்பர் பாய், பைப் கட்டரை மாட்டி நாலு சுற்றுச் சுற்றினார். துண்டு கையில் வந்துவிட்டது. இரண்டரை அங்குலம். ஸ்டீல் தண்டுக்கு பைப் கட்டர் நல்லது. நைஸான பல் உள்ள ஹாக்ஸா பிளேடும் போதும். ஆனால் கிராஃபைட் தண்டாக இருந்தால் பைப் கட்டர் வைக்கவே கூடாது. நார்கள் நசுங்கிவிடும். அதை டேப் சுற்றி, பிளேடால் மெதுவாகத்தான் அறுக்க வேண்டும். தூசியை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரத்தை அரத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கினார் பாய். இல்லையென்றால் அந்தக் கூர் புது கிரிப்பைக் கிழித்துவிடும்.

பிறகு தண்டில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். அதன் மேலும் கிரிப்புக்குள்ளும் கொஞ்சம் டர்பன்டைன். ஈரம் காய்வதற்குள் ஒரே இழுப்பில் கிரிப்பை ஏற்ற வேண்டும். 450 ரூபாய் கிரிப் அது. பட்டர் கிரிப்பின் முன்பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை, பந்தைத் தொடும் முகத்தோடு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் அடிக்கிற ஒவ்வொரு பந்தும் கோணலாகப் போகும். ஈரமாக இருக்கும்போதே திருப்பிச் சரிசெய்துவிட்டு ஒரு ராத்திரி காயவைத்தோம். டர்பன்டைன் நெருப்பில் பற்றும். அதனால் அண்ணனின் கரிப்பெட்டி பக்கத்தில் வைக்காமல் எங்கள் வீட்டு பால்கனியில்.

நீளம் குறைந்தால் தலையின் கனம் கையில் குறைவாகத் தெரியும். ஈடுகட்ட நினைப்பவர்கள், ஓர் அங்குலத்துக்குச் சுமார் 10 முதல் 12 கிராம் வரை தலையின் அடிப்பகுதியில் ஈய டேப் ஒட்டுவார்கள். சின்னப் பெண் என்பதால் நாங்கள் முதலில் எதுவும் ஒட்டவில்லை. ஒரு வாரம் ஆடிவிட்டு, "தலை காத்து மாதிரி இருக்குப்பா" என்று அவளே கேட்ட பிறகுதான் 10 கிராம் ஒட்டினோம். கனம் வேண்டுமானால் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கெல்லாம் அவகாசம் உண்டு.

வெட்டும் முன் ஒரு நிமிஷம்

* திருப்பித் தரும் அவகாசம் எந்தத் தேதி, எந்த மணியோடு முடிகிறது? காலண்டரில் எழுதுங்கள்.
* பெட்டியைப் பிரிப்பதை முகவரிச் சீட்டிலிருந்து ஒரே வீடியோவாக எடுங்கள்.
* உலோகம், எடை, எழுத்து, திருகாணி: கம்பெனி சொல்வதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.
* ஸ்டிக்கரை நம்பாமல் டேப்பால் அளங்கள்.
* ஒரு வாரமாவது கீழே இறக்கிப் பிடித்து ஆடிப் பாருங்கள்.
* கிரிப் மூடியின் கனத்தைக் கழித்துக் குறி போடுங்கள்.
* வளரும் பிள்ளை என்றால் அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள்.

நேற்று சாயங்காலம் துணி கொடுக்கப் போனேன். வண்டிக்குப் பக்கத்தில், சிமென்ட் தரையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்துப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள். எட்டு அடி தூரம். மூன்றுக்கு இரண்டு உள்ளே போனது. என்னைப் பார்த்ததும், "அக்கா, நீங்க ஒண்ணு அடிங்க" என்று பட்டரை நீட்டினாள். கோபம் போய்விட்டது போல. நான் அடித்த பந்து சாக்கடை ஓரம் வரை போய் நின்றது.

வெட்டிய அந்த இரண்டரை அங்குலத் துண்டை அண்ணன் தூக்கிப் போடவில்லை. வண்டி டிராயரில், சாக்பீஸ் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

"இது எதுக்குண்ணா?"

"அவ வளந்ததும் காட்டணும் பாப்பா. உன் பட்டரை இவ்ளோ வெட்டினோம்னு."

(அடுத்த வாரம்: பழைய சைக்கிள். ஃபிரேமில் வெல்டிங் வைத்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஏமாந்த, அல்லது தப்பித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.)